ஆரணியாற்று மணல் சென்னைக்குச் செய்யும் வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஜூன் கடைசி வாரம். கொளத்தூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் தனியார் தண்ணீர் லாரி ஒன்று வந்து நின்றது. 12,000 லிட்டர் வண்டி. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து காசு போட்டு வரவழைத்திருந்தோம். குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம், "எங்கேர்ந்து அண்ணா எடுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"பெரியபாளையம் தாண்டி, ஊத்துக்கோட்டை ரோட்டுல ஒரு கிணறும்மா" என்றார்.

அந்த ரோட்டில்தான் நான் பிறந்த ஊர். என் நைனாவும் சித்தப்பாவும் இன்றும் அங்கே பயிர் வைக்கிறார்கள். எங்கள் பக்கம் தமிழ் பேசும் வீடுகளிலும் அப்பாவை நைனா என்று கூப்பிடுவது உண்டு. எல்லை ஊர் வழக்கம். குடத்தில் விழுந்த தண்ணீரை ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தேன். ஊர்த் தண்ணீரேதான். அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த மாதம் சென்னையின் நான்கு பெரிய ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. நாளொன்றுக்கு 830 மில்லியன் லிட்டராக இருந்த குடிநீர் வழங்கல் 525 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தபோது நாடே பார்த்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் கிளம்பிப் போன லாரிகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை.

சூழல் சேவை என்ற சொல்லை ஐக்கிய நாடுகளின் 2005ஆம் ஆண்டு ஆயிரமாண்டுச் சூழல் மதிப்பீடு உலகெங்கும் பரப்பியது. காடும் ஆறும் ஈரநிலமும் மனிதருக்குச் சத்தமில்லாமல் செய்து தரும் வேலைகளுக்கு அந்தப் பெயர். ஒரு பெருநகரத்துக்கு அந்த வேலையைச் செய்கிற இடம் பல நேரம் நகரத்துக்கு வெளியேதான் இருக்கும். சென்னைக்கு அப்படி ஓர் இடம் ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரணியாறும் கொசஸ்தலையாறும். அதிலும் மணலைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் எல்லாமே அதில்தான் வந்து முடிகிறது.

எல்லையும் ஆறும்

ஆரணியாறு ஆந்திரத்தில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் நின்று, சுருட்டப்பள்ளியைத் தொட்டுக்கொண்டு ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி வழியாகப் போய்ப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அதற்குத் தெற்கே கொசஸ்தலையாறு. ஆந்திரப் பக்கத்திலிருந்து வரும் நகரி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் கடலைச் சேர்கிறது. கொசஸ்தலையாற்றுப் படுகை மொத்தம் 3,727 சதுர கி.மீ.; அதில் 877 சதுர கி.மீ. ஆந்திரத்தில் இருக்கிறது.

இன்றைய எல்லைக்கோடு 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி நம் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில பகுதிகள் அந்தப் பக்கம் போயின. இன்றைய சத்தியவேடு வட்டாரம் அப்படி உருவானதுதான். மக்களுக்கு இது பெரிய வித்தியாசமாக இல்லை. ஊத்துக்கோட்டைக்காரர்கள் பிரதோஷத்துக்குச் சுருட்டப்பள்ளிக்கு நடந்தே போய்ப் பள்ளிகொண்ட ஈஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்புவார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். ஆனால் ஆற்றுக்கு அது வித்தியாசம்தான். மேல்புறம் ஓர் அரசு, கீழ்ப்புறம் ஓர் அரசு, கடைசியில் குடிக்கிற நகரம் வேறு எங்கோ.

சென்னைக்கு ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். ஆக, இந்த நகரத்தின் தண்ணீர்ப் பிரச்சினையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மூன்று மாதத்தில் வருவதைப் பன்னிரண்டு மாதத்துக்கு எங்கே வைப்பது?

இதற்கு ஆங்கிலேயர் காலத்திலேயே ஒரு விடை கண்டார்கள். 1872 முதல் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் தாமரைப்பாக்கத்தில் திருப்பப்பட்டு, சோழவரம் வழியாகப் புழல் ஏரிக்கு வந்து சென்னைக்குப் போனது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரை அதற்கு வைத்தார்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தொட்டிகள். கண்ணுக்குத் தெரியாத தொட்டி இன்னொன்று உண்டு.

ஊற்று

என் ஆயா, அதாவது பாட்டி, எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தாள். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பங்குனி மாதம், ஆறு காய்ந்து கிடக்கும். மேல் மணல் காலைச் சுடும். ஆயா இடுப்பில் குடத்தோடு நடந்துபோய், நாணல் ஒதுங்கிய இடமாகப் பார்த்து உட்காருவாள். கையாலேயே தோண்டுவாள். ஒரு சாண் போனால் மணலின் நிறம் மாறும். வெள்ளை போய்க் கறுத்த ஈரம் வரும். முழங்கை ஆழம் போனதும் பக்கவாட்டு மணல் சரியத் தொடங்கும். சரிகிற மணலை அள்ளிப் போட்டு, வாயை அகலமாக்கி, இன்னும் கொஞ்சம் தோண்டுவாள். அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அடியில் மணல் துள்ளும். சோறு கொதிக்கும்போது அரிசி எழும்பி விழுமே, அப்படி. அந்தத் துள்ளலுக்கு நடுவிலிருந்து தண்ணீர் ஊறி வரும். முதலில் கலங்கலாக இருக்கும். கொட்டாங்குச்சியால் அதை இறைத்துக் கொட்டுவாள். "மொதத் தண்ணி ஆத்துக்கு, பாப்பா" என்பாள். மூன்று தடவை இறைத்ததும் அடி மணல் ஒவ்வொன்றாகத் தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிடும். குடம் நிரம்பிய பிறகு ஊற்றின் மேல் வேப்பந்தழையைப் போட்டு மூடிவிட்டு வருவாள், நாய் வாய் வைக்காமல் இருக்க.

ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வண்டி வண்டியாகக் கூட்டம் வரும். வேப்பஞ்சேலை கட்டி, பொங்கல் வைத்து, நேர்த்திக்கடன் தீர்க்க வருபவர்கள். அப்போதெல்லாம் ஆற்று மணலில் அங்கங்கே ஊற்றுத் தோண்டி அந்தத் தண்ணீரில்தான் பொங்கல் வைத்தார்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆற்றில் அத்தனை ஆயிரம் பேருக்குத் தண்ணீர் கிடைத்தது. இந்த ஒரு காட்சியைச் சரியாகப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஆற்று மணலில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இடம் இருக்கிறது. பருமணல் என்றால் அதன் கன அளவில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை வைத்துக்கொண்டு, வேண்டும்போது விட்டுக்கொடுக்கும். திறந்த நீர்த்தேக்கத்தில் இந்தப் பக்கத்து வெயிலுக்கு ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகிப் போகும். பூண்டி போன்ற அகலமான, ஆழமில்லாத ஏரியில் அது பெரிய இழப்பு. மணலுக்குள் ஒரு மீட்டர் இறங்கிவிட்ட தண்ணீரை வெயில் தொட முடியாது. கூடவே, மணலில் ஊர்ந்து வரும்போது கலங்கலும் கிருமியும் பெருமளவு வடிந்துவிடுகின்றன. 1914இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்ய மணல் வடிகட்டிகளைக் கட்டினார்கள். இங்கே ஆறே வடிகட்டி. சேமிப்பு, பாதுகாப்பு, சுத்திகரிப்பு என்று மூன்று வேலை. மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம்.

இந்த மணல் ஆற்றோடு நின்றுவிடவில்லை. பழைய காலத்தில் பாலாறு இந்த வழியாக ஓடியது என்கிறார்கள் நிலவியலாளர்கள். அந்தப் பழைய ஆறுகள் விட்டுச் சென்ற மணல், வயல்களுக்கு அடியில் பல மீட்டர் ஆழத்துக்குப் பரந்து கிடக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் பக்கத்து ஊர்க் கிணறு ஏறுவது இதனால்தான்.

நகரம் வந்து இறைத்தது

1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்தப் படுகையில் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது தெரிந்தது. அங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். எண்பதுகளில் பூண்டி, கன்னிகைப்பேர் என்று இன்னும் சில இடங்கள் சேர்ந்தன. மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் இந்தத் தண்ணீர் போனது.

மீஞ்சூரில் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கடலோர நிலத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அழுத்திப் பிடித்து வைத்திருக்கும். ஆக, மேலே 1 மீட்டரை இறைத்தால் கீழே 40 மீட்டரை இழக்கிறோம். மீஞ்சூரில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழேயே போய்விட்டது. 1969இல் கடல்நீர் சுமார் 3 கி.மீ. தூரம் உள்ளே வந்திருந்தது. பின்னர் அது 10 கி.மீ.யைத் தாண்டியது. உப்பு ஏறிய கிணறுகளைக் கைவிட வேண்டியதாயிற்று. கரையோர ஊர்களில் நெல் போன இடத்தில் எதுவும் வரவில்லை.

2010இல் மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் எடுக்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியது. இப்படிப்பட்ட ஆலைகளில் 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகும். நகரத்துக்கு அந்த ஆலை தேவைப்படுகிறது, அதை நான் மறுக்கவில்லை. 2019இல் அது இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் தெரு என்னவாகியிருக்குமோ! ஆனால் உப்பைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்த நன்னீரை முதலில் இறைத்துத் தீர்த்துவிட்டு, அதே மண்ணில் கடலைப் பிழிந்து நன்னீர் எடுக்கிறோம். இந்தக் கணக்கை எந்தத் திட்ட அறிக்கையும் சேர்த்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஏழு லோடு மணல்

இறைத்தது ஒரு பக்கம். தொட்டியையே எடுத்துக்கொண்டு போனது இன்னொரு பக்கம்.

எண்பதுகளுக்குப் பிறகு சென்னை வளர்ந்த வேகத்துக்கு மணல் எங்கேயிருந்து வந்தது? முதலில் கிட்டத்தில் இருந்த ஆறுகளிலிருந்து. 2011 கணக்கெடுப்பில் பழைய மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 46 லட்சம் பேர். 426 சதுர கி.மீ.க்கு விரிந்த எல்லையில் 66 லட்சத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் வீடு, பள்ளிக்கூடம், பாலம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஆற்றின் மணல் இருக்கிறது. 2003 முதல் மணல் குவாரிகளை அரசே நடத்தத் தொடங்கியது. சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் ராத்திரியில் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் போனதை எந்த அனுமதிச் சீட்டும் எண்ணவில்லை. ஏரியில் சவுடு மண் எடுக்க வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு அடியில் இருந்த மணலை அள்ளியதையும் ஊரில் எல்லோரும் பார்த்தோம்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மணல் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது சுமார் 2,830 லிட்டர் இடம். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று வைத்தால் 566 லிட்டர். மூன்று யூனிட் லாரி ஒன்றில் சுமார் 1,700 லிட்டர் தண்ணீர் வைக்கும் இடம் போகிறது. ஏழு லோடு போனால் 12,000 லிட்டர். எங்கள் தெருவுக்கு வந்ததே, அந்த ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். மணல் ஒரு தடவைதான் விற்கும். அது வைத்திருந்த தண்ணீரோ ஒவ்வொரு மழைக்கும் திரும்ப நிரம்பியிருக்கும்.

இதையே பெரிதாகவும் போட்டுப் பார்த்தேன். ஆறு 200 மீட்டர் அகலம், மணல் 5 மீட்டர் ஆழம் என்று ஓர் உத்தேசம் வைத்துக்கொண்டால், 1 கி.மீ. நீளத்தில் 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர் தங்கும். ஏறக்குறைய 7 மில்லியன் கன அடி. 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. இரண்டு ஏரிகளை இணைத்து, வயல்களை எடுத்து, சுமார் 380 கோடி ரூபாயில் கட்டியது. சுமார் 70 கி.மீ. நீளத்துக்கு ஆற்று மணல் குலையாமல் இருந்தால் அதே அளவு தண்ணீர் வெயில் படாமல் கிடக்கும். வயலுக்கு அடியில் இருப்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

மணல் போனால் இன்னொன்றும் நடக்கிறது. ஆற்றின் தரை தாழ்கிறது. பக்கத்து நிலத்தில் இருக்கும் நிலத்தடி நீர் இப்போது ஆற்றைவிட மேட்டில் நிற்கிறது. அது கசிந்து ஆற்றுக்குள் வடிந்து கடலுக்குப் போகிறது. முன்பு ஆறு கிணற்றுக்குக் கொடுத்தது. இப்போது கிணறு ஆற்றுக்குக் கொடுக்கிறது. எங்கள் உறைக்கிணற்றில் முன்பு 15 அடியில் தண்ணீர் தெரியும். இப்போது அதில் புறா கூடு கட்டியிருக்கிறது. கிணற்றுக்குள்ளேயே 200 அடி போர் இறக்கி சப்மெர்சிபிள் மோட்டார் ஓடுகிறது.

ஆயா ஊற்றுத் தோண்டிய இடத்துக்கு 2019 ஆகஸ்டில் போய்ப் பார்த்தேன். கரை ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக நின்றது. அடியில் களிமண் வெடித்துக் கிடந்தது, மேலே சீமைக்கருவேலம். கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். ஈரம் இருந்தது, ஊறவில்லை. களிமண்ணில் தண்ணீர் இருக்கும், ஆனால் கொடுக்காது.

சித்தப்பாவின் பேச்சு

எங்கள் வயலை ஒட்டிய நிலத்துக்காரர் ஒருவர் அந்த ஆண்டு லாரிக்குத் தண்ணீர் விற்றார். சித்தப்பா விற்கவில்லை. ஆனாலும் எங்கள் போர் மட்டம் இறங்கியது. அடியில் எல்லாமே ஒரே மணல், ஒரே தண்ணீர். விவசாயத்துக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் தண்ணீர் இறைத்து விற்கக் கூடாது. 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டப்படி, அது பொருந்தும் ஊர்களில் லாரியில் கொண்டுபோகவும் உரிமம் வேண்டும். மாநிலம் முழுவதுக்கும் 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினார்கள். அது முறையாக நடைமுறைக்கு வராமலே 2013இல் ரத்தானது.

இதையெல்லாம் சொல்லி, ஏன் புகார் கொடுக்கவில்லை என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"அவனப் போய் இன்னா சொல்றது?" என்றார். "கத்திரிக்கா போட்டான், பறிக்கிற கூலிக்குக் கட்டல. நவரைக்கு நெல்லு போட்டான், அறுக்கறப்ப மழ. லாரிக்காரன் கையில காசு குடுக்கறான். நீங்க அங்க தாகமா நிக்கிறீங்க. அவன் வித்தான். நாளைக்கு எனக்கும் பொண்ணு கல்யாணம் வந்தா நானும் நிப்பேனா இல்லையா, அதச் சொல்லு."

எனக்குப் பதில் இல்லை. நான் அந்தத் தண்ணீரைக் குடித்தவள்.

ஆனால் அவர் பேச்சில் ஒரு கேள்வி இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டுதான் வந்தேன். 1983 ஏப்ரல் 18இல் தமிழகமும் ஆந்திரமும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டன. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் 1,000 மில்லியன் கன அடி) கிருஷ்ணா தண்ணீரை விட்டுக்கொடுக்க, வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. தமிழக எல்லையில் கிடைக்க வேண்டும். ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து 152 கி.மீ. கால்வாயில் வந்து, ஊத்துக்கோட்டை பக்கத்தில் ஜீரோ பாயின்ட் என்ற எல்லையிடத்தில் நுழைந்து, இன்னும் 25 கி.மீ. ஓடிப் பூண்டியைச் சேரும். 1996 செப்டம்பரில் முதல் தண்ணீர் வந்தது. கரைகள் உடைந்து பாதி வழியில் தண்ணீர் வீணானபோது சத்திய சாயி பாபாவின் அறக்கட்டளை கால்வாயைச் செப்பனிட்டுக் கொடுத்தது. தண்ணீர் வரத்து நன்றாகத் தேறியது. பெரும்பாலான ஆண்டுகளில் 12 டி.எம்.சி.யும் முழுதாக வருவதில்லை. என்றாலும் இந்தத் தண்ணீருக்காக ஆந்திரத்துக்குத் தமிழக அரசு பணம் கொடுக்கிறது. கொடுக்க வேண்டியதுதான், அவர்கள் கால்வாயைப் பராமரிக்கிறார்கள்.

அப்படியானால் எங்கள் ஊருக்கு? மார்கழியில் வயலில் வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்தி, அதை மண்ணுக்குள் இறக்கி, வைகாசியில் நகரம் எடுத்துக்கொள்ள வைத்திருக்கிற விவசாயிக்கு? ஒரு ரூபாயும் இல்லை. சம்பா நெல் வயல் என்பது நாற்பது ஐம்பது ஏக்கர் சேர்ந்தால் ஒரு சின்ன ஏரி. வெள்ளத்தைத் தாங்கும், நிலத்தடியை ஊறவைக்கும், காற்றைக் குளிர்விக்கும். அது மனைப் பிரிவாக மாறினால் மூன்றும் போகும். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.க்கு விரிந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்கள் அதற்குள் வந்துவிட்டன. பெரியபாளையம் ரோட்டில் இப்போது நாற்று நடுகிற வயலைவிடக் கல் நட்ட வயல்தான் கண்ணில் படுகிறது.

கடைசியில் இருப்பவர்கள்

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பூநாரைகள் வரும் ஏரி என்று சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கப் போவார்கள். அங்கே இறாலும் மடவையும் நண்டும் பிழைப்பது ஆறு கொண்டுவரும் நன்னீரும் முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் கலக்கிற அளவைப் பொறுத்தது. ஆரணியாறு வராத ஆண்டில் ஏரியின் உப்பு கூடும். வெளியே தள்ளுகிற வெள்ளம் இல்லாமல் முகத்துவாரம் மணல் மூடி அடைபடும். பாடு முறைப்படி இன்ன நாள் இன்ன இடம் என்று பங்கு வைத்துக்கொண்டு வலை போடுகிற ஏரி அது. மீனே இல்லாத இடத்தில் பாடு கிடைத்து என்ன செய்வது?

கொசஸ்தலையாற்றின் முடிவு இன்னும் மோசம். எண்ணூர் முகத்துவாரத்தில் பல ஆண்டுகளாக அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிச் சேறு மேடாகிவிட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு கலந்து வந்து படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. வெள்ளத்தை வாங்கிக் கடலில் விட வேண்டிய வாய் அது. அதை அடைத்துவிட்டு, வடசென்னையில் தண்ணீர் வடியவில்லை என்று நாம் குறைப்படுகிறோம்.

நடந்த நல்லது, நடக்க வேண்டியது

நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது சென்னையின் கிணறுகளைக் காப்பாற்றியது. ஆரணியாற்றில் பாலேஸ்வரம் உட்படப் பல இடங்களில் தடுப்பணைகள் கட்டினார்கள். தடுப்பணைக்கு மேலே வெள்ளம் சில வாரம் நின்று இறங்குவதால் பக்கத்துக் கிணறுகள் ஏறுகின்றன, உப்பும் குறைகிறது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வந்த பிறகு ஆற்று மணலுக்கு நெருக்கடி கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஆனால் தடுப்பணை கட்டுவதும் மணலை விடுவதும் ஒன்றாகப் போக வேண்டும். மணல் இல்லாத இடத்தில் தடுப்பணை கட்டினால் அது வெயிலில் காயும் குட்டைதான். அணைக்கு மேலே சேரும் மணலைத் தூர்வாருகிறோம் என்ற பெயரில் அள்ளினால் கட்டியதற்கே அர்த்தம் இல்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து பொன்னேரி வரை ஆரணியாற்றையும், பூண்டிக்குக் கீழே கொசஸ்தலையாற்றையும் சென்னையின் குடிநீர்த் தொட்டி என்று அறிவித்து, மணல் எடுப்பதை நிரந்தரமாக மூட வேண்டும். பூண்டி ஏரிக் கரையை யாராவது மண்வெட்டியால் வெட்டினால் போலீஸ் வரும். இதுவும் அதே தொட்டிதான்.

அடுத்து, பணம். மழைக்காலத்தில் சம்பா வைத்து, வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நகரத்தின் குடிநீர் வரவிலிருந்து கொடுக்க வேண்டும். இதை மானியம் என்று சொல்லக் கூடாது, வேலைக்குக் கூலி. அப்படி ஒரு வருமானம் இருந்தால் லாரிக்குத் தண்ணீர் விற்க வேண்டிய நெருக்கடி பக்கத்து நிலத்துக்காரருக்கு வந்திருக்காது. மேல்புறத்தோடும் பேச வேண்டும். 2022 ஆகஸ்டில் ஆந்திர அரசு கொசஸ்தலையாற்றின் குறுக்கே கதரப்பள்ளி, முக்கலகண்டிகை ஆகிய இரு இடங்களில் நீர்த்தேக்கம் கட்ட முனைந்தபோது தமிழக முதல்வர் கடிதம் எழுதினார். எழுத வேண்டியதுதான். ஆனால் நம் பக்கத்தில் மணலைக் காக்காமல் அந்தப் பக்கத்தைக் கேட்கும்போது குரல் வலுவாக இருக்காது. பிச்சாட்டூரில் மதகு திறக்கும் நேரம் மட்டும் இரண்டு பக்கமும் பேசிக்கொள்கிறார்கள். காய்கிற மாதங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

போன பங்குனியில் என் மகளை ஊருக்குக் கூட்டிப் போனேன். தடுப்பணை ஒன்றுக்கு மேலே, கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிற திட்டாகப் பார்த்து உட்கார்ந்தோம். அவள் பிளாஸ்டிக் மக்கால் தோண்டினாள். இரண்டு தடவை சரிந்தது. அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "வாய அகலமா எடு" என்றேன். முழங்கை ஆழம் போய், தோள் வரை கையை விட்ட பிறகு ஈரம் கறுத்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அடியில் நாலைந்து மணல் மட்டும் லேசாக அசைந்தது.

"அம்மா, மணல் குதிக்குது" என்றாள்.

கலங்கல் தெளிய ஏழு தடவை இறைக்க வேண்டியிருந்தது. மக்கில் பாதி அளவு நல்ல தண்ணீர் கிடைத்தது. கிளம்பும்போது ஊற்றை மூட வேப்பந்தழை தேடினோம். கரையில் வேம்பு இல்லை. புங்கந்தழையை ஒடித்துப் போட்டுவிட்டு வந்தோம்.